கோல்டன் குளோப் சிறந்த நடிகை (டிராமா) விருது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் ஆண்டுகள் பெரும்பாலும் விழா நடந்த ஆண்டுகள். படம் அநேகமாக அதற்கு முந்தைய ஆண்டில் வெளியானதாக இருக்கும். பழைய பட்டியல்களைப் பார்க்கும்போது இதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

இது என்ன விருது? யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் வழக்கமாக ஜனவரியில் நடக்கும் கோல்டன் குளோப் விழாவில், டிராமா வகைப் படத்தில் முதன்மை வேடம் ஏற்ற நடிகைக்குத் தரப்படும் விருது. ஆஸ்கரைக் கொடுப்பவர்கள் திரைத்துறைக்காரர்கள். அங்கே நடிப்புப் பிரிவுகளுக்கான பரிந்துரைப் பட்டியலைத் தேர்ந்தெடுப்பவர்களும் நடிகர்களே. கோல்டன் குளோபைத் தொடங்கியவர்களோ பத்திரிகையாளர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்துகொண்டு தத்தம் நாட்டுப் பத்திரிகைகளுக்கு ஹாலிவுட் செய்தி அனுப்பிய வெளிநாட்டு நிருபர்கள், 1943இல், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு சங்கமாகக் கூடினார்கள். பிற்பாடு அது ஹாலிவுட் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் என்று அறியப்பட்டது.

சங்கம் எப்போதும் சின்னதாகவே இருந்தது. ஆஸ்கர் அகாடமியில் இன்று பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இங்கே 2021இல்கூட 87 பேர்தான். இந்த விருதின் நல்லதும் கெட்டதும் அந்தச் சின்ன எண்ணிக்கையில்தான் தொடங்குகின்றன.

முதலில் வென்றவர் யார்?

ஜெனிஃபர் ஜோன்ஸ், 1944 ஜனவரியில். படம் 'தி சாங் ஆஃப் பெர்னடெட்'. பிரான்ஸின் லூர்து நகரில் மாதாவைத் தரிசித்ததாகச் சொன்ன ஏழைப் பெண் பெர்னடெட்டின் கதை. விழா நடந்தது டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டுடியோவில். இன்றைய தங்க உருண்டைச் சிலை அப்போது கிடையாது. சுருட்டிய பாராட்டுப் பத்திரம்தான் கொடுத்தார்கள். அதே ஆண்டு மார்ச் 2ஆம் தேதி ஜோன்ஸ் ஆஸ்கரும் வாங்கினார். அன்று அவருக்கு 25ஆவது பிறந்தநாள்.

'டிராமா' என்று தனியாக எப்போது பிரித்தார்கள்?

1951இல். அதுவரை சிறந்த நடிகை என்று ஒரே விருதுதான். அந்த ஆண்டு முதல் டிராமாவுக்கு ஒன்று, நகைச்சுவை அல்லது இசைப் படத்துக்கு ஒன்று என்று இரண்டாக்கினார்கள்.

பிரித்த முதல் ஆண்டே பிரிவினையின் பயன் என்ன என்று தெரிந்துவிட்டது. டிராமா விருது 'சன்செட் பூலவார்ட்' படத்துக்காக குளோரியா ஸ்வான்சனுக்கு. பேசாப் படக் காலத்தில் உச்சத்தில் இருந்தவர், அந்தக் காலம் முடிந்துபோனதை ஏற்க மறுக்கும் நடிகையின் வேடத்தில் நடித்திருந்தார். நகைச்சுவைக்கான விருது 'பார்ன் யெஸ்டர்டே' படத்துக்காக ஜூடி ஹாலிடேவுக்கு. இரண்டும் வெவ்வேறு வகை நடிப்பு, இரண்டும் அபாரம், ஆளுக்கு ஒன்று. ஆஸ்கரில் அப்படிப் பங்கு போட முடியாதே. அங்கே ஸ்வான்சனும் 'ஆல் அபௌட் ஈவ்' படத்துக்காக பெட்டி டேவிஸும் இருந்த பட்டியலில் ஹாலிடே வென்றார். ஸ்வான்சனுக்கு ஆஸ்கர் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

எது டிராமா, எது நகைச்சுவை என்று யார் முடிவு செய்வது?

படத்தை அனுப்பும் நிறுவனம் எந்தப் பிரிவில் போட்டியிட விரும்புகிறது என்று சொல்லும். அதை ஏற்பதா மாற்றுவதா என்பது விருதுக் குழுவின் கையில். நடைமுறையில் இது நடிப்பைப் பற்றிய முடிவாக இருப்பதைவிட, எந்தப் பக்கம் கூட்டம் குறைவு என்ற கணக்காகவே பல தடவை இருந்திருக்கிறது. 'தி டூரிஸ்ட்' என்ற உளவுப் படத்துக்காக ஏஞ்சலினா ஜோலி 2011இல் நகைச்சுவைப் பட்டியலில் இடம்பெற்றதும், செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டவனின் கதையான 'தி மார்ஷியன்' 2016இல் நகைச்சுவை அல்லது இசைப் படமாக விருது வாங்கியதும் இந்தக் கணக்கின் விளைவுதான். இரண்டாவது கேலிக்குப் பிறகு, நகைச்சுவை கொஞ்சம் கலந்த டிராமாக்கள் டிராமாவாகவே வர வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள்.

எதிர்ப்பக்க வேடிக்கையும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய நகைச்சுவை நடிகை லூசில் பால். அவராக நடித்ததற்காக நிக்கோல் கிட்மனுக்கு 2022இல் கிடைத்தது டிராமா விருது. பாட்டுக்காரி ஜூடி கார்லண்டாக ரெனே ஜெல்வெகர் (2020), பாட்டுக்காரி பில்லி ஹாலிடேவாக ஆண்ட்ரா டே (2021) ஆகியோருக்கும் டிராமாதான். படத்தில் பாட்டு எத்தனை இருந்தாலும், அழுகை அதைவிட அதிகமாக இருந்தால் டிராமா போலும்.

அதிக முறை வென்றவர் யார்?

நான்கு பேர், தலா மூன்று முறை: இங்கிரிட் பெர்க்மன், ஜேன் ஃபோண்டா, மெரில் ஸ்ட்ரீப், கேட் பிளான்செட். இதில் பெர்க்மனின் முதல் இரண்டும் பிரிவினைக்கு முந்தையவை.

பெர்க்மனின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1945இல் 'கேஸ்லைட்', 1946இல் 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்'. இரண்டாவதில் கன்னியாஸ்திரீ வேடம். அமெரிக்க ரசிகர்கள் அவரைக் கிட்டத்தட்ட ஒரு புனிதையாகவே பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு இத்தாலிய இயக்குநர் ரொபர்ட்டோ ரோசலினியுடன் காதல், திருமணத்துக்கு முன்பே குழந்தை. 1950இல் அமெரிக்க செனட் அவையிலேயே ஓர் உறுப்பினர் எழுந்து அவரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். பெர்க்மன் ஹாலிவுட்டை விட்டு விலகி இத்தாலியில் படம் செய்தார். 1956இல் வெளியான 'அனஸ்தேசியா' மூலம் திரும்பி வந்தார். 1957இல் கோல்டன் குளோபும் ஆஸ்கரும் அவருக்கே. ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்று தெரிந்த நிருபர்கள் அவருக்கு வாக்களித்ததில் ஆச்சரியம் இல்லை. ஹாலிவுட்டும் கூடவே இறங்கி வந்ததுதான் சேதி.

ஃபோண்டாவுக்கு 'குளூட்' (1972), 'ஜூலியா' (1978), 'கம்மிங் ஹோம்' (1979). வியட்நாம் போரை எதிர்த்ததால் பாதி நாடு அவர்மேல் கோபமாக இருந்த காலம் அது. மூன்றாவது படம் அந்தப் போரிலிருந்து திரும்பியவர்களைப் பற்றியது. ஸ்ட்ரீப்புக்கு 1982, 1983 என்று அடுத்தடுத்து இரண்டு. மூன்றாவது, மார்கரெட் தாட்சராக நடித்ததற்கு, 2012இல்தான் வந்தது. பிளான்செட்டுக்கு 'எலிசபெத்' (1999), 'புளூ ஜாஸ்மின்' (2014), 'டார்' (2023).

அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் வென்றவர்கள்?

ஐந்து பேர். பெர்க்மன் (1945, 1946), ரோசலிண்ட் ரஸல் (1947, 1948), ஜெரால்டின் பேஜ் (1962, 1963), ஃபோண்டா (1978, 1979), ஸ்ட்ரீப் (1982, 1983). இதில் ரஸலுக்கு நடந்ததுதான் கொடுமை. 1948இல் ஆஸ்கரும் அவருக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அறிவிக்கப்பட்ட பெயர் லொரெட்டா யங். ஹாலிவுட் இன்றும் எடுத்துச் சொல்லும் அதிர்ச்சிகளில் அது ஒன்று.

ஒரே ஆண்டில் மூன்று பேருக்குக் கொடுத்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். 1989 ஜனவரியில் மூவருக்கும் சம வாக்குகள். 'தி அக்யூஸ்ட்' படத்துக்காக ஜோடி ஃபாஸ்டர், 'மேடம் சூசாட்ஸ்கா' படத்துக்காக ஷெர்லி மெக்லெய்ன், 'கொரில்லாஸ் இன் தி மிஸ்ட்' படத்துக்காக சிகோர்னி வீவர். நூறு பேருக்கும் குறைவானவர்கள் வாக்களிக்கும் இடத்தில் இது நடக்கக்கூடியதே.

அதற்குப் பின் நடந்ததுதான் சுவாரசியம். ஃபாஸ்டர் ஆஸ்கரும் வென்றார். மெக்லெய்னின் பெயர் ஆஸ்கர் பட்டியலிலேயே இல்லை. வீவர் அதே இரவில் 'வொர்க்கிங் கேர்ள்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகை கோல்டன் குளோபையும் வாங்கியவர். ஆஸ்கரில் இரண்டு பிரிவிலும் பரிந்துரை பெற்று இரண்டிலும் தோற்றார்.

ஒரே இரவில் இரண்டு விருது வாங்கிய வேறு யாராவது?

2009இல் கேட் வின்ஸ்லெட். 'ரெவல்யூஷனரி ரோட்' படத்துக்கு டிராமா நாயகி விருது, 'தி ரீடர்' படத்துக்குத் துணை நடிகை விருது. இரண்டாவது முறை மேடையேறியபோது மூச்சு வாங்க, தன்னோடு போட்டியிட்டவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, இன்னொருவர் யார் என்று தடுமாறி, கடைசியில் ஏஞ்சலினாவின் பெயரைப் பிடித்தார். ஏஞ்சலினா ஜோலியை மறப்பதென்றால் எவ்வளவு படபடப்பு இருந்திருக்க வேண்டும்! ஆஸ்கரில் இந்தக் கணக்கு தலைகீழானது. அங்கே 'தி ரீடர்' முதன்மை வேடமாகவே கருதப்பட்டு அதற்காக வென்றார். 'ரெவல்யூஷனரி ரோட்' படத்துக்கு அவருக்குப் பரிந்துரைகூட இல்லை.

2007இல் ஹெலன் மிரனுக்கு நடந்தது இன்னும் அபூர்வம். 'தி குவீன்' படத்தில் இரண்டாம் எலிசபெத்தாக நடித்ததற்கு டிராமா விருது. ஒரு தொலைக்காட்சிக் குறுந்தொடரில் முதலாம் எலிசபெத்தாக நடித்ததற்கு அதே இரவில் இன்னொன்று. இரண்டு எலிசபெத்துகளையும் ஒரே நாளில் முடித்துவிட்டார்.

நிஜ மனிதர்களாக நடித்தால்தான் விருது கிடைக்குமா?

பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முதல் வெற்றியே பெர்னடெட். பிறகு, போலியோ நோயாளிகளுக்குப் புதிய சிகிச்சை முறை கண்ட ஆஸ்திரேலிய நர்ஸ் எலிசபெத் கென்னியாக ரஸல். விஷவாயு அறையில் மரண தண்டனை பெற்ற பார்பரா கிரஹாமாக சூசன் ஹேவர்ட். அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டாக கிரீர் கார்சன். கொரில்லா ஆராய்ச்சியாளர் டயான் ஃபாஸியாக வீவர். தண்ணீரை மாசுபடுத்திய நிறுவனத்தோடு போராடிய எரின் புரோகோவிச்சாக ஜூலியா ராபர்ட்ஸ். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபாக கிட்மன். கொலைகாரி ஐலீன் வுவோர்னோஸாக சார்லீஸ் தெரோன். அரசிகளுக்கோ தனி வரிசையே போடலாம்: ஆன் பொலினாக ஜெனிவியேவ் புஜோல்ட், விக்டோரியாவாக ஜூடி டென்ச், முதலாம் எலிசபெத்தாக பிளான்செட், இரண்டாம் எலிசபெத்தாக மிரன்.

ஆனால் என் பார்வையில் இந்த விருதின் உயரமான இடங்கள் இந்த வரிசைக்கு வெளியேதான் இருக்கின்றன. 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' படத்தில் மனம் குலைந்துபோகும் இல்லத்தரசியாக வரும் ஜீனா ரோலண்ட்ஸுக்கு 1975இல் கிடைத்தது ஓர் உதாரணம். கணவர் ஜான் கசாவெட்டிஸ் வீட்டை அடமானம் வைத்தெல்லாம் எடுத்த, ஸ்டுடியோ ஆதரவே இல்லாத படம் அது. ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஆள் யாரும் இல்லாத இடத்தில், ஒரு பெண்ணை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கிக் காட்டினார் ரோலண்ட்ஸ். சாயலும் ஒப்பனையும் உச்சரிப்பும் பொருந்தினால் போதும் என்று வாக்காளர்கள் நினைக்கும் ஆண்டுகளில் எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலம் அல்லாத மொழிப் படத்துக்கு இந்த விருது கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. 1967இல் பிரெஞ்சுப் படமான 'எ மேன் அண்ட் எ வுமன்' மூலம் அனூக் எமே. 1973இல் 'தி எமிகிரன்ட்ஸ்' மூலம் லிவ் உல்மன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய விவசாயக் குடும்பத்தின் கதை, பேசுவது ஸ்வீடிஷ் மொழி. 2017இல் 'எல்' என்ற பிரெஞ்சுப் படத்துக்காக இசபெல் உப்பேர், 63 வயதில். 2025இல் போர்ச்சுகீசிய மொழிப் படமான 'ஐ'ம் ஸ்டில் ஹியர்' மூலம் பிரேசிலின் ஃபெர்னாண்டா டோரஸ்.

வாக்களித்தவர்கள் வெளிநாட்டு நிருபர்கள் என்பது இங்கே கைகொடுத்தது. சப்டைட்டில் படிப்பது அவர்களுக்குப் பாரமல்ல. எமேயும் உல்மனும் அவர்களுக்குப் புதுமுகங்களும் அல்ல. நால்வரில் ஒருவருக்கும் அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டோரஸின் வெற்றிக்குப் பின்னால் 26 ஆண்டு பாக்கி ஒன்று இருந்தது. 1999இல் இதே பிரிவில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' படத்துக்காகப் பரிந்துரை பெற்றவர் ஃபெர்னாண்டா மாண்டனீக்ரோ, டோரஸின் தாய். அன்று வென்றவர் பிளான்செட். இரண்டு படங்களையும் இயக்கியவர் ஒருவரே, வால்டர் சாலஸ். 'ஐ'ம் ஸ்டில் ஹியர்' பிரேசிலின் ராணுவ ஆட்சியில் கணவரைப் பறிகொடுத்த யூனிஸ் பைவாவின் கதை. அதில் முதுமைக் கால யூனிஸாக வருபவரும் மாண்டனீக்ரோதான். டோரஸ் விருதைத் தாய்க்கே அர்ப்பணித்தார்.

வெள்ளையர் அல்லாத நடிகைகள் எத்தனை பேர் வென்றிருக்கிறார்கள்?

மிகச் சிலர். 1986இல் 'தி கலர் பர்ப்பிள்' படத்துக்காக ஊப்பி கோல்ட்பெர்க், இந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண். அடுத்தவர் 2021இல் ஆண்ட்ரா டே. இடையில் 35 ஆண்டுகள். 2002இல் 'மான்ஸ்டர்ஸ் பால்' படத்துக்காக ஹாலி பெரி ஆஸ்கர் வென்று வரலாறு படைத்தாரே, அந்த ஆண்டும் கோல்டன் குளோப் சிஸ்ஸி ஸ்பேஸெக்குக்குத்தான் போனது. 2024இல் 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' படத்துக்காக லிலி கிளாட்ஸ்டன் வென்றார். இந்த விருதைப் பெற்ற முதல் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் அவர். நன்றியுரையைத் தன் பிளாக்ஃபீட் மொழியில் தொடங்கினார்.

காது கேளாத நடிகை யாரேனும்?

1987இல் மார்லி மேட்லின், 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்' படத்துக்காக. அதே படத்துக்கு ஆஸ்கர் வாங்கியபோது வயது 21. கேட்கவும் பேசவும் இயலாத பெண்ணாக நடித்து 1949இலேயே ஜேன் வைமன் இந்த விருதை வாங்கியிருந்தார், 'ஜானி பெலிண்டா' படத்துக்காக. அவர் கேட்கும் திறன் உள்ளவர். அந்த வேடம் அந்த வாழ்க்கையை வாழும் ஒருவருக்கே போய்ச் சேர 38 ஆண்டுகள் பிடித்தன.

இதை வென்றால் ஆஸ்கர் உறுதியா?

இல்லை. 2010, 2011, 2012 என்று வரிசையாக சாண்ட்ரா புல்லக், நடாலி போர்ட்மன், ஸ்ட்ரீப் மூவரும் இரண்டையும் வாங்கியதால் இப்படி ஒரு நம்பிக்கை பரவியது. ஆனால் 2021 முதல் 2025 வரை, ஐந்து ஆண்டும் தொடர்ச்சியாக டிராமா நாயகி ஆஸ்கரைத் தவறவிட்டார்.

தோற்கடிப்பவர் யார் என்று கவனித்தால் ஒன்று தெரியும். பல தடவை அது நகைச்சுவைப் பிரிவின் வெற்றியாளர்தான். ஸ்வான்சனை ஹாலிடே, உல்மனை லைசா மினெலி, பிளான்செட்டை குவினெத் பேல்ட்ரோ, ஜூலி கிறிஸ்டியை மரியோன் கோட்டியார், ஜெசிகா சாஸ்டெயினை ஜெனிஃபர் லாரன்ஸ், உப்பேரை எம்மா ஸ்டோன், கிளென் குளோஸை ஒலிவியா கோல்மன், மறுபடி பிளான்செட்டை மிஷெல் யோ, கிளாட்ஸ்டனை மறுபடி எம்மா ஸ்டோன். டிராமா பிரிவு கனமானது, மற்றது இலகுவானது என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை ஒரு முறை படிக்கட்டும்.

2022இல் விழா ஏன் தொலைக்காட்சியில் வரவில்லை?

2021 பிப்ரவரி 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. சங்கத்தின் 87 உறுப்பினர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை என்பதும், உறுப்பினர்கள் அனுபவித்த சலுகைகளும் அதில் வெளிவந்தன. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 28 அன்று, அதே சங்கம் ஆண்ட்ரா டேவுக்கு விருது கொடுத்தது. கொந்தளிப்பு அடங்கவில்லை. மே மாதம் என்பிசி தொலைக்காட்சி 2022 விழாவை ஒளிபரப்ப மாட்டோம் என்று அறிவித்தது. டாம் குரூஸ் தன் மூன்று சிலைகளையும் திருப்பி அனுப்பினார். 2022 ஜனவரியில் கேமரா, சிவப்புக் கம்பளம், நட்சத்திரங்கள் எதுவும் இல்லாமல் ஒரு கூட்டம் நடந்தது. கிட்மன் வென்ற செய்தியைச் சமூக ஊடகத்தில் போட்டார்கள். அவ்வளவுதான்.

இது முதல் அவமானமும் அல்ல. 1960களின் கடைசியில், வெற்றியாளர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் பார்வையாளர்களைத் தவறாக நம்ப வைக்கிறார்கள் என்று அரசின் ஒளிபரப்பு ஆணையம் கண்டித்து, சில ஆண்டுகள் ஒளிபரப்பு நின்றது. 1982இல் பியா ஸடோராவுக்குப் புதுமுக விருது கொடுத்தபோது, அவருடைய பணக்காரக் கணவர் வாக்காளர்களை லாஸ் வேகாஸுக்கு அழைத்து உபசரித்த செய்தி வெளியானது, விழாவை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி விலகிக்கொண்டது. ஸ்ட்ரீப் தன் முதல் டிராமா விருதை வாங்கியது அந்த விழாவில்தான் என்பது பலருக்கு நினைவில்லை. தகுதியான தீர்ப்பும் விலைபோன தீர்ப்பும் ஒரே மேடையில், ஒரே ஆட்கள் கையால்.

இப்போது யார் வாக்களிக்கிறார்கள்?

2023 ஜூனில் பழைய சங்கம் கலைக்கப்பட்டது. டிக் கிளார்க் புரொடக்ஷன்ஸ், எல்ட்ரிஜ் என்ற இரு நிறுவனங்கள் விருதை வாங்கிக்கொண்டன. வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 300 ஆனது; எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். பரிந்துரைப் பட்டியலும் 2024 விழாவிலிருந்து ஐந்துக்குப் பதிலாக ஆறு பேர். புதிய குழுவின் முதல் இரண்டு தேர்வுகள் கிளாட்ஸ்டனும் டோரஸும்.

வென்ற படங்களில் எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'சன்செட் பூலவார்ட்' முதலில். அப்புறம் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்'. நீளமான படம், இடையில் நிறுத்தாமல் பார்க்க வேண்டும். பிரெண்டா பிளெதின் 1997இல் வென்ற 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' மூன்றாவதாக. அதில் ஒரு டீக்கடை மேசையில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கேமரா அசையாமல் பல நிமிடம் ஓடும் காட்சி ஒன்று இருக்கிறது. 'தி எமிகிரன்ட்ஸ்' படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அது பிடித்துவிட்டால் அதன் தொடர்ச்சியான 'தி நியூ லேண்ட்' படத்தையும் உடனே பார்க்கத் தோன்றும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு முழு விடுமுறை நாள் வேண்டும்.